“கட்டியாச்சா?” என்று அம்மா கேட்டாள்

எப்போதும் எனக்கு முன்னால் நடந்த அண்ணாவுக்கு,

நேற்று அம்மாவைக் காவிரிக்கு அழைத்துப்போனேன். மலைமேல் நம் வாழவந்தி நாட்டை விட்டு அவள் இறங்கியதே இல்லை, உனக்குத் தெரியும். “அவன் உழுந்த எடத்த ஒருக்காப் பாக்கோணும் சாமி” என்று ஐப்பசியிலிருந்து ஒரே பேச்சு. அடிவாரத்துக் காரவள்ளி வரை நடந்தாள். அப்புறம் மாட்டுவண்டி.

ஊரில் எல்லோரும் காவிரி உன்னைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. காவிரி யாரையும் கூப்பிடாது. கட்டாத ஓடத்திலிருந்து தாவினால், நீ உந்துகிற வேகத்தில் ஓடம் பின்னால் போகும், உன் கால் பாதித் தூரம்தான் போகும். இதில் விதி எங்கே வந்தது?

ஆனால் நீ ஏன் தாவினாய் என்பதும் எனக்குத் தெரியும். மலையில் சுமையோடு ஓடையைக் கடக்கிறவன் பாறை விளிம்பில் நின்றால் சறுக்குவான். வந்த வேகத்திலேயே அடுத்த பாறைக்குத் தாவ வேண்டும். நம் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான். நான் மட்டும் நின்று பார்ப்பேன். நீ அந்தப் பக்கம் போய்த் திரும்பி, “ஏனுங்க ஓவர்சீயர் தொரை, இன்னும் அளந்து முடியலீங்களா?” என்பாய். பாறை நகராது, அண்ணா. நம் கால்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

அன்றைக்கு வாய்க்கால் வேலையை விட்டு வந்து, அக்கரைப் படியில் உனக்காக நின்றிருந்தேன். ஓடக்காரர் கயிற்றை எடுக்கக் குனிந்தார். உன் தோளில் எனக்கான சாமை மூட்டை. “இரு கண்ணு, வாரேன்” என்றாய்.

படியின் விளிம்பில் உன் தலை மோதியது. நீ விழுந்த இடைவெளிக்கே ஓடம் திரும்பி வந்து கல்லில் இடித்தது. எவ்வளவு தள்ளியும் என்னால் அதை விலக்க முடியவில்லை. மூட்டை மட்டும் படிமேல் வந்து விழுந்திருந்தது, நனையாமல். அந்தச் சாமையை நான் இன்னும் பொங்கவில்லை.

ஓடத்துறைக் குத்தகைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். மலைக்காரர்கள் அவசரப்பட்டால் நான் என்ன செய்வது என்றார். அவரிடம் பேசிப் பயனில்லை. நானே உளி எடுத்துப் படிக்கல்லில் இரண்டு குழி குடைந்து, இரும்பு வளையம் நிறுத்தி, ஈயம் காய்ச்சி ஊற்றினேன். முன்கயிற்றுக்கு ஒன்று, பின்கயிற்றுக்கு ஒன்று. இரண்டும் இறுகிவிட்டால் ஓடம் நகராது.

நேற்று ஓடம் படியை நெருங்கியதும் எல்லோரும் வழக்கம்போல எழுந்துவிட்டார்கள். ஓடம் ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா மட்டும் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்றவர், “எந்திரிங்க ஆத்தா, கரை வந்திருச்சு” என்றார்.

“எம் பையனுக்கும் கரை வந்திருந்துச்சுங்க” என்றாள் அம்மா.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் ஓடத்திலிருந்தபடியே எட்டிக் கயிறுகளை வளையங்களில் கட்டினேன்.

“கட்டியாச்சா, சாமி?”

“கட்டியாச்சும்மா.”

மறுபடியும் கேட்டாள். பின்கயிற்றையும் இழுத்துக் காட்டினேன். அதன் பிறகுதான் என் கையைப் பிடித்து இறங்கினாள்.

எந்தப் படி என்று காட்டினேன். குந்தி உட்கார்ந்து அந்த விளிம்பை முந்தானையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். பிறகு, “ரொம்ப வலிச்சிருக்குமா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிற எனக்கு அது தெரியவில்லை. வலித்ததா, அண்ணா?

ஆடியில் வெள்ளம் வரும். வளையம் தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது. என்னை எந்த ஊர் வேலைக்கு மாற்றினாலும், வெள்ளம் வடிந்ததும் வந்து இரண்டையும் இழுத்துப் பார்ப்பேன். ஆடினால் மறுபடி குடைந்து ஈயம் ஊற்றுவேன். என் கையில் வலு இருக்கிறவரை இதைச் செய்வேன்.

இன்னும் படியிலேயே நிற்கிற
உன் தம்பி