அவர் வாங்கிவைத்த ரெகுலேட்டர்

நவம்பர் 11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. இவருக்கு மாற்றுச் சட்டைக்கே திண்டாட்டம்.

முன்பெல்லாம் இவர் சட்டையைத் துவைக்குமுன் பையைத் துழாவியே ஆகவேண்டும். திருகாணி, டெஸ்டர், ஒயர் துண்டு. வாஷிங் மெஷின் இரண்டு தரம் கெட்டது இவரால்தான். அதற்கு எத்தனை சண்டை. பக்கவாதம் வந்ததிலிருந்து பை காலி. கை மட்டும் பழக்கத்தில் துழாவுகிறது.

மீன்தொட்டிச் செடியெல்லாம் பழுப்பு. செடிக்காக சிலிண்டரிலிருந்து தண்ணீரில் விடுகிற கரியமில வாயு நின்று வெகு நாளாயிற்று. பழைய ரெகுலேட்டர் கெட்டுப்போய், புதிதாக வரவழைத்த பெட்டி வந்த வாரம்தான் மனுஷன் விழுந்தார். பெட்டி பிரிக்காமலே அலமாரி மேல்.

அன்னூரிலிருந்து கொழுந்தனார் ஃபோன். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் கட்டில் போடலாமாம். பார்க்கலாம் என்றேன். கொடுக்க மாட்டேன். நாளெல்லாம் அந்த மீனைப் பார்ப்பதைத் தவிர இவருக்கு வேறென்ன இருக்கிறது? நானே மாட்டிவிடுகிறேன். கேஸ் அடுப்புக்கு மாட்டுகிறவள்தானே.

வாங்க: பி.பி. மாத்திரை, டயப்பர், த்ரெட் டேப், முருங்கைக்கீரை.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. பெட்டியைப் பிரித்தாயிற்று. இவரைச் சக்கர நாற்காலியில் பக்கத்தில் உட்காரவைத்து, மடியில் எவர்சில்வர் தட்டு, தட்டில் சாமான். அழுத்தம் காட்ட இரண்டு முள் வைத்த ரெகுலேட்டர். கரண்டில் திறந்து மூடுகிற வால்வு. வாயுவைத் துளித்துளியாக விடுகிற ஊசி வால்வு. குமிழி பார்க்கிற கண்ணாடிக் குழாய்.

இவருக்கு மிஞ்சியது ஒரே வார்த்தை. "சரிங்க." மற்றது வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு 'ங்க' போட்டதில்லை, 'ஏ புள்ள'தான். இப்போது எனக்கும் சரிங்க, பால்காரனுக்கும் சரிங்க. காபி வேணுமுங்களா, சரிங்க. வேண்டாமுங்களா, சரிங்க. எரிச்சலாக வருகிறது. அப்புறம் அழுகை.

"ஏனுங்க, இது இந்தப் பக்கமுங்களா?"

"சரிங்க."

திருப்பிக் காட்டினேன். அதற்கும் சரிங்க.

ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மாட்டினேன். இடது கையால் தட்டைத் துழாவிக்கொண்டே இருந்தார். அந்தக் கை ஒன்றுதானே வேலை செய்கிறது, இருக்கட்டும் என்று விட்டேன்.

மோட்டார் பைப்புக்குச் சுற்றுவதுபோல் டேப்பை நன்றாகச் சுற்றி, சிலிண்டரில் ரெகுலேட்டரை முடுக்கினேன். திறந்தால் புஸ்ஸென்று சத்தம். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை நுரையாக. மூடிவிட்டு இன்னும் கொஞ்சம் டேப். அதே புஸ்.

இட்லி மாவு பொங்கி வழிந்திருக்கிறது. அதையும் யார் துடைப்பது.

நவம்பர் 13, புதன். ஆஸ்பத்திரி

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பெட்டிக்குள் ஒரு தாள் கிடைத்தது. படத்தில் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே வெள்ளையாக ஒரு வளையம். வாஷர். என்னிடம் அது இல்லை. டேப்பைச் சுற்றிச் சுற்றி என்ன பயன். பெட்டியைக் கவிழ்த்தேன், கட்டிலுக்கு அடியில் கூட்டினேன், குப்பைக் கூடையைக் கொட்டினேன். இல்லை.

நிமிர்ந்தால் இவர் நெஞ்சில் தட்டிக்கொண்டிருக்கிறார். இடது கையால், விடாமல். முகமெல்லாம் வேர்வை. "சரிங்க, சரிங்க, சரிங்க." மாரடைப்பேதான் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். போட்டிருந்த நேற்றைய சட்டையோடு, அவர்கள் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தோம்.

இங்கே சட்டையைக் கழற்றிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லையாம். இருந்தாலும் வைத்துப் பார்க்கவேண்டுமாம்.

மாகாளியம்மா, இவரைக் கொடுத்துவிடு. தொட்டி என்ன தொட்டி.

நவம்பர் 15, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. இதயத்தில் குறையில்லை. பதற்றமாக இருக்கலாம் என்றார்கள்.

கொழுந்தனார் கூடவே இருந்து எல்லாம் பார்த்தார். தங்கமான மனுஷன், குறை சொல்லக்கூடாது. கட்டில் ஓரம் குனிந்து இவரைக் கேட்டார்.

"அண்ணா, தொட்டியக் குடுத்துப்போடலாமுங்களா?"

"சரிங்க."

"பாத்தீங்களா நங்கையா, அண்ணனே சொல்லிப்போட்டாரு."

அது வார்த்தையே இல்லை, எதற்கும் அதைத்தான் சொல்கிறார் என்றேன்.

"அப்பறம் நீங்க மட்டும் அதையக் கேட்டுத்தானுங்க மாட்டுனீங்க?"

வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள் என்றேன்.

நவம்பர் 16, சனி

சோமனூரில் தறி வைத்திருக்கிறவராம், கொழுந்தனாருக்குத் தெரிந்தவர். வேனோடு வந்தார். மீனை டப்பில் விட்டு, செடியை ஈரச் சாக்கில் சுற்றி, கல், மணல், சிலிண்டர், பெட்டி எல்லாம் ஏற்றினார்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொள்வோமுங்க என்று நாலைந்து தரம் சொன்னார்.

வேன் கிளம்பினதும் இவருடைய இடது கை நெஞ்சுக்குப் போயிற்று. தட்டினார். ஓடிப்போய் மெஷினை மாட்டிப் பார்த்தேன். பி.பி. நார்மல்.

சுவரில் தொட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக.

நவம்பர் 17, ஞாயிறு

நல்ல வெயில். மூட்டையாகக் கிடந்த துணியெல்லாம் துவைக்கப் போட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரிக் கவர். இவருடைய கட்டம்போட்ட சட்டை. கை பழக்கத்தில் பைக்குள் போயிற்று.

வெள்ளை வாஷர்.

எதைப் பிரித்தாலும் சின்னச் சாமானை முதலில் பையில் போட்டுக்கொள்வார். உருண்டுவிடுமாம். எனக்குத் தெரியாதா அது? அன்று நெஞ்சைத் தட்டவில்லை. பையைத் தட்டினார். இங்கே இருக்கிறது என்றார். அதற்கு நான் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறேன்.

கொழுந்தனாருக்குப் போடலாமென்று ஃபோனை எடுத்தேன். கொடுத்ததை என்ன சொல்லித் திருப்பிக் கேட்பது? வைத்துவிட்டேன்.

ஈரக் கையோடு போய் இவர்முன் நீட்டினேன்.

"ஏனுங்க, இதையத்தான் சொன்னீங்களா?"

"சரிங்க."

வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். போட்டிருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டார்.