செல்வராஜ் பில்டர் வாங்குகிறார்

10.6.95, சனி

காலை முதல் மழை. கொடியில் கிடக்கும் சேலைகள் காயவில்லை. ஒன்பதாம் வகுப்பு நோட்டு ஒரு கட்டு திருத்த வேண்டும். தொடவில்லை.

மீன் தொட்டி வந்து ஒரு வாரம். முன்னறையில், என் தையல் மெஷின் இருந்த இடத்தில். மெஷின் இப்போது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் செ. கல்ஃபிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து மூன்று மாதம். அதில் தானாக முடிவெடுத்துச் செய்த ஒரே காரியம் இது. இரண்டு கோல்ட் பிஷ், ஐந்து கறுப்பு மோலி. மோலிகளில் ஒன்றுக்கு வயிறு வீங்கியிருக்கிறது, குட்டி போடுமாம். அதை மட்டும் பெரிய காப்பிக் குப்பியில் விட்டு ஜன்னல் படியில் வைத்திருக்கிறார். பிரசவ வார்டு.

இனி பில்டர் வேண்டுமாம். இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடுமாம். பதினாலு வருஷம் ஒரு பட்டணத்துக்கே குடிதண்ணீர் வடிகட்டிக் கொடுத்த கம்பெனியில் இருந்த மனுஷன், நாலு குடம் தண்ணீருக்கு எந்த பில்டர் என்று தெரியாமல் நகத்தைக் கடிக்கிறார்.

12.6.95, திங்கள்

மழை விட்டு விட்டு. பஸ்ஸில் உதியன்குளங்கரையில் ஏறிய ஒருத்தி நனைந்த குடையை என் முதுகில் சாய்த்துக்கொண்டே வந்தாள். சொன்னதும் முறைத்தாள்.

சாயங்காலம் செ. என்னையும் நெய்யாற்றின்கரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மூன்று வகை உண்டு. மூலையில் உட்கார வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பஞ்சும் கரியும். பார்க்க ஓட்டல் மேசை உப்பு டப்பா மாதிரி. அடுத்தது அடித்தட்டு, கல்லுக்கு அடியில் போட்டு மூடிவிடுவது. பிறகு சிங்கப்பூர் சாமான் ஒன்று. நம் வீட்டுத் தொட்டியை விட அதற்கு மவுசு அதிகம். கடைக்காரனுக்கு மூன்றும் ஒன்றுதான்.

“இது கொள்ளாம் டீச்சரே. நல்லதாக்கும்.”

“அப்பம் அது?” அடுத்ததைக் காட்டிக் கேட்டேன்.

“அதும் நல்லதாக்கும்.”

செ. ஒவ்வொன்றாக எடுத்து, குழாயில் ஊதி, வெளிச்சத்தில் பிடித்து, திரும்ப வைத்தார். “ஆலோசிச்சிட்டு வாறேன்.” என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போகும்போதும் இதையேதான் சொன்னாராம், அம்மா சொல்வாள்.

பஸ்ஸில் கேட்டேன், அப்படி என்ன ஆலோசனை என்று. “கரண்டு போய் வந்தா எது தானா ஓடும், எதை ஆள் நின்னு பாக்கணும்னு நோக்கணும்.” பெரிய அணைக்கட்டு கட்டுகிறார்.

14.6.95, புதன்

தலைவலி. பால் திரிந்துவிட்டது.

செ.யின் அண்ணன் வந்தார். இவர் வந்து உட்கார்ந்தால் வீட்டில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. அவருடைய மருமகன் மஸ்கட்டில் செ.க்கு ஒரு வேலை சரியாக்கி வைத்திருக்கிறானாம். விசா தயார். மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

“எலே, அம்பது வயசுல வீட்டுல இருந்து மீனுக்கு தீனி போடப் போறியா? நாலு பேரு சிரிப்பாவ.”

“பாப்பம்ணே.” தொட்டியைப் பார்த்தபடி.

பில்டர் விஷயத்திலும் அண்ணனுக்கு அபிப்பிராயம் உண்டு. சிங்கப்பூர்தான் வாங்க வேண்டுமாம். மீனோடு இவருக்குள்ள பழக்கம் குழம்புச் சட்டியோடு சரி.

செ. போகட்டும் என்றுதான் எனக்கும். இதை யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன். இத்தனை வருஷம் தனியாகக் கதவு பூட்டினேன், தனியாக மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன், ஓடு மாற்றினேன். இப்போது ஒரு ஆள் விடிகாலையில் இருமுகிறார், ரேடியோவைக் குறைக்கச் சொல்கிறார், சோறு வெந்ததா என்று பானையைத் திறந்து பார்க்கிறார். சோறு வேகாமல் பின்னே என்ன செய்யும்?

17.6.95, சனி

மழை ஓய்ந்தது. பஞ்சாயத்து ஆள் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலக்கிவிட்டுப் போனான். மழை தொடங்கினால் வருஷந்தோறும் உள்ளதுதான். இரண்டு நாளைக்குத் தண்ணீர் கோர வேண்டாம் என்றான். அவன் வருமுன்னே அண்டாக்களில் பிடித்து வைத்துவிட்டேன்.

தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணி நிறம். செ. பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார். பெருமூச்சில் தண்ணீர் தெளியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

18.6.95, ஞாயிறு

நாசமாய்ப் போன நாள்.

காட்டாக்கடையில் யார் வீட்டிலோ அடித்தட்டு பில்டர் ஓடுகிறதாம், செ. ஆராதனைக்குக்கூட வராமல் அதைப் பார்க்கப் போனார். அண்ணன் சபை முடிந்து நேரே இங்கே, பதில் கேட்க. நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சும்மா இருக்கிற ஆளா? வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டித் தண்ணீரைக் கோரி முற்றத்தில் ஊற்றி, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் விட்டு நிறைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.

“பாத்தியா பிள்ளே, எப்பிடித் தெளிஞ்சு கெடக்கு! இதுக்கு எதுக்கு பில்டரு?”

முன்னறை முழுக்க பிளீச்சிங் நாற்றம்.

“நேத்து கிணத்துல மருந்து போட்டதாக்கும்!”

“அது கிருமிக்குள்ள மருந்துல்லா. மீனுக்கு நல்லதுதான்.”

சாயா வடிகட்டும் அரிப்பால் மீன்களைக் கோரி அண்டாத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. செ. வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. அப்போதும் அண்ணன் வாய் ஓயவில்லை. “பில்டர் உண்டுன்னா சாவாது. அன்னைக்கே சொன்னேன், சிங்கப்பூரு வாங்குன்னு.” இந்த மூளைக்கு சபையில் செயலாளர் பதவி.

செ. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொண்டுபோய் வாழை மூட்டில் புதைத்தார். “அண்ணனை ஒண்ணும் சொல்லண்டாம்” என்று என்னிடம். முதுகெலும்பு கிடையாது. பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது ஆள், மீனுக்கு. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரச்சீனியை மூடி வைத்துவிட்டு அண்ணனை வெறும் வயிற்றோடு அனுப்பினேன்.

மிச்சம், குப்பியில் இருந்த வயிற்றுக்காரி மட்டும்.

20.6.95, செவ்வாய்

வெயில். இன்ஸ்பெக்ஷன் வருமாம், ஹெட்மாஸ்டர் கோழி மாதிரி அங்குமிங்கும் ஓடுகிறார்.

வீட்டுக்கு வந்தால் தொட்டியில் குமிழி வருகிறது. கடைசியில் வாங்கியே விட்டார். அடித்தட்டு. அண்டாவில் மிஞ்சிய பழைய தண்ணீர், உள்ளே மோலி ஒற்றையாக.

“ஏன் இது?”

“இதாக்கும் உனக்கு லேசு. மத்த பெட்டின்னா வாரத்துக்கு ஒருக்கா தொறந்து பஞ்சு அலசணும், இல்லேன்னா நாறும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அதையும் பாக்கணும். இது கல்லுக்க அடியில கெடக்கும். ஒரு வருஷம் தொடண்டாம்.”

“நீங்க எங்க போறீங்க?”

“அண்ணன்கிட்ட சரின்னு சொல்லலாம்னு இருக்கேன். நான் இஞ்ச இருந்து உனக்கு இடைஞ்சல்தானே.” குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை வரும் என்பது போலச் சொன்னார்.

அப்படியானால் இத்தனை நாளும் இந்த மனுஷன் ஆலோசித்தது, தான் இல்லாத வீட்டில் எது தானாக ஓடும் என்று. கரண்டு, பஞ்சு, கல், காட்டாக்கடை, எல்லாம் அதற்குத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுக்களைக்குப் போய் சும்மா நின்றேன்.

போகக் கூடாது. அவ்வளவுதான். இருமட்டும். பானையைத் திறந்து பார்க்கட்டும்.

21.6.95, புதன்

காலையில் செ. ரேஷன் கடைக்குப் போன நேரம், மோலியைக் குப்பியில் விட்டு, கல்லையெல்லாம் வாரி வாளியில் போட்டு, தட்டை உருவினேன். சேலை முழங்கால் வரை நனைந்தது. சொட்டச் சொட்டப் பையில் போட்டு, அரை நாள் லீவு சொல்லி, கடைக்குப் போனேன்.

கடைக்காரன் பதறினான். “டீச்சரே, இது நல்லதாக்கும். சார் கொறே நேரம், ஒரு மணிக்கூறு, நின்னு நோக்கி எடுத்தது.”

“மூலையில வைக்கிற பெட்டி குடுங்க.”

“அது எப்பளும் கழுவணுமே. ஆரு கழுவும்?”

“வீட்டுல ஆள் உண்டு.”

திரும்பி வந்தபோது செ. காலித் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் அரிசிப் பையோடு. பெட்டியை மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல வாராவாரம் பஞ்சு அலசணுமே, மக்கா.”

“அலசுங்க. எனக்கு வேற ஜோலி உண்டு. அண்ணன்கிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

பெட்டியைத் திறந்து பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு, “நானே சொல்லுதேன்.”

சொல்ல மாட்டார். நாளைக்கு முதல் பீரியடு யாரிடமாவது கொடுத்துவிட்டு நானே போக வேண்டும்.