உன்னுடைய நூற்று நாற்பத்தேழு வண்டிகள்

மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பை
24.11.2025

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா செண்பகவல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ குளிரில் நடுங்காமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன இப்படிக் கடிதம் எழுதுகிற கிறுக்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உங்கப்பா காதுக்குத் தப்பாது, மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் படிக்கிறவரே அவர்தான். அதனால்தான் பக்கத்து வீட்டு ஷர்மிளா உன் டப்ளினுக்கே படிக்க வருகிறாள் என்றதும் அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவளைப் படித்துக் காட்டச் சொல்லாதே, ஊர் முழுக்கப் பரவிவிடும். நாலாம் வகுப்பு வரை தமிழ் படித்தவன்தானே, பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன், இரண்டு நாள் ஆனாலும் எழுத்துக் கூட்டி நீயே படி. இங்கே குழாயில் தண்ணீர் இப்போது ஐந்தரைக்கே வந்துவிடுகிறது, அதனால் என் தூக்கம் போயிற்று. கனகவள்ளி சித்தி மகளுக்கு ஐரோலியில் வேலை கிடைத்திருக்கிறது, நீ முதலில் வேலை பார்த்த அதே பக்கம்தான். மற்றபடி விசேஷம் எல்லாம் உன்னைப் பற்றித்தான்.

நூற்று நாற்பத்தேழு வண்டிக்கு நீ சொந்தக்காரன் என்பது உனக்குத் தெரியுமா? பஸ், லாரி, ஜீப், அம்பாசடர், தீயணைப்பு வண்டி என்று எல்லாம் இருக்கிறது, எல்லாம் என் உள்ளங்கையில் அடங்குகிற பொம்மை வண்டி. பாதி பரணில், பாதி கட்டிலுக்கடியில், கொஞ்சம் பழைய அரிசி டிரம்முக்குள். யாருடையது என்று கேட்டால் மாரியுடையது என்பார் உங்கப்பா. நீ இதில் ஒன்றைக் கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் டிராம்பேயில் கம்பெனி பஸ் ஓட்டியும் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்காத மனுஷன், அறுபத்து நாலு வயதில் இத்தனை வண்டியை வாங்கி, அதை எல்லாம் உன் பேரில் எழுதி வைத்திருக்கிறார். காசுக்கு என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, பீடியை விட்டதில் மிச்சம் என்று வைத்துக்கொண்டேன்.

இது தொடங்கியதே நீ போன அன்றைக்குத்தான். ரிட்டயர் ஆன பிறகு அவர் எப்படி இருந்தார் என்று நீயே பார்த்தாய், காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அந்தச் சுவர்தான், எதைக் கேட்டாலும் ஒரு ம், அதிலும் சிக்கனம். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாசம் லீவு முடிந்து விடியற்காலை நாலு மணி பிளேனில் நீ ஏறிப்போனாய். பத்து மணிக்கு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்து அழுகிறதற்கு வீட்டையாவது கழுவுவோம் என்று டிவிக்குப் பின்னால் கையை விட்டேன், ஒரு சின்னப் பச்சை லாரி வந்தது. பெயின்ட் உரிந்து அழுக்கேறிக் கிடந்தது. நீ சின்னப் பிள்ளையில் விளையாடியதாக்கும் என்று நினைத்து, புளியும் சோப்புத் தூளும் போட்டு, கம்பி நாரால் பளபளவென்று தேய்த்துவிட்டேன். பச்சை எல்லாம் சாக்கடையோடு போய்விட்டது. டீக்கடையில் இருந்து வந்த உங்கப்பா அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷத்து லாரியாம், அந்தப் பழைய பெயின்டில்தான் அதன் மதிப்பே இருக்கிறதாம், சோர் பஜாரில் நடைபாதையில் கடை போடுகிற சிராஜ் பாயிடம் மூன்று வெள்ளிக்கிழமை நடையாக நடந்து வாங்கினாராம். யாருக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது, முகம் காது வரைக்கும் கறுத்துப்போனது. கடைசியில், "எனக்கில்லட்டி, மாரிதான் வாங்கி வைக்கச் சொன்னான், இப்பதான் அங்க எறங்கிட்டு போன் பண்ணினான்" என்றார். அந்த நேரத்தில் நீ எந்தக் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாயோ தெரியாது. நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் பொருளைக் கெடுத்துவிட்டேனே, அடுத்த தரம் பேசும்போது அம்மா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காபி குடிக்கும்போது சொன்னார், நீ மன்னித்துவிட்டாயாம்.

அதற்குப் பிறகு வண்டி வண்டியாக வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை சிராஜ் பாய், ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் கூட்டம். கூட்டம் என்றால் என்னவோ என்று நினைக்காதே, தலை நரைத்தவர்களும் தொப்பை விழுந்தவர்களுமாக இருபது பேர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பையில் இருந்து பொம்மையை எடுத்து மாற்றிக்கொள்வார்கள். அதில் எட்வின் என்று செம்பூர்ப் பையன், பையன் என்றால் நாற்பத்தொன்று, பேங்கில் ஆபீசர், இரண்டு குழந்தை, அவன் நம் வீட்டுக்கே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உங்கப்பாவோடு மணிக்கணக்கில் பேசுவான். வண்டியை உருட்டி விளையாடுவார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை, பாதி வண்டியைப் பெட்டியில் இருந்தே எடுக்க மாட்டார்கள், திறந்தால் மதிப்புப் போய்விடுமாம். பேக்டரியில் தவறுதலாகச் சக்கரத்தை மாற்றி மாட்டிவிட்ட வண்டிக்கு மதிப்பு அதிகமாம், அதைக் கண்டுபிடித்தால் கும்பல் முழுக்கக் கைதட்டுமாம். செம்பூரில் ஒரு கடையில் கடைசியாக இருந்த தீயணைப்பு வண்டியை ஒரு ஆறு வயதுக் குழந்தை கையில் வைத்துக்கொண்டு விடவே இல்லையாம். உங்கப்பா பக்கத்தில் நின்று, அங்கே பார், சைரன் அடிக்கிற பெரிய வண்டி இருக்கிறது, அது இன்னும் நன்றாக இருக்கும் என்று ஆசை காட்டியிருக்கிறார். அந்தக் குழந்தை, இது உங்களுக்கா என்று இந்தியில் கேட்டிருக்கிறது. இல்லை, என் மகனுக்கு என்றிருக்கிறார். மகனுக்கு என்ன வயது என்று கேட்டதாம், முப்பத்திரண்டு என்றாராம். குழந்தை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, பாவம் என்று வண்டியைக் கொடுத்துவிட்டதாம். எட்வின் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

உன் பேர் கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மீனாட்சியம்மாள் அத்தை உனக்குப் பெண் பார்த்துச் சொல்ல வந்தவள், பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லையோ என்று இழுத்தாள். உங்கப்பா அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். பிறகு நான்தான், வருகிறவளுக்கும் சேர்த்துத்தான் வாங்கி வைத்திருக்கிறான் என்று சமாளித்தேன். அத்தை திரும்ப வரவில்லை. நீயும் வருகிற தையோடு முப்பத்து மூன்றைத் தொடுகிறாய், அங்கேயே யாரையாவது பிடித்திருந்தால் என்னிடம் சொல்லிவிடு, மறைக்கிற வித்தை எல்லாம் இந்த வீட்டில் ஒருவர் செய்தால் போதும்.

இப்போது கடிதம் எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன், இதில் என் தப்புதான் அதிகம். டிசம்பர் இருபதாம் தேதி நீ வருகிறாய் என்று தெரிந்ததும் எனக்குக் குறும்பு தலைக்கேறிவிட்டது, இந்த மனுஷன் இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறார் பார்ப்போம் என்று ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கி வந்து கட்டில் மேல் வைத்தேன். மாரிதான் வருகிறானே, அவன் சாமானை அவனே கொண்டுபோகட்டும், பரணில் நான் என் பாத்திரத்தை ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். இதோ உளறிவிடுவார், எல்லாம் என்னுடையது என்று ஒத்துக்கொண்டுவிடுவார் என்று அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் சூட்கேஸைப் பார்த்தார், "சரிதான், அவன் சாமான்தான" என்றார், அவ்வளவுதான். மறுநாள் பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. சுற்றுவதற்கு முன்னால் சக்கரத்தை ஒரு தரம் விரலால் உருட்டிப் பார்த்துக்கொள்கிறார். நேற்றோடு தொண்ணூறு முடிந்தது. சோறு பாதித் தட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் போகவில்லை, எட்வின் தேடி வந்தபோது, பையன் எடுத்துக்கொண்டு போகிறான், இனி எனக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டுப் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது யய்யா. விளையாட்டுக்குத்தான் செய்தேன், அவர் இப்படி மொத்தத்தையும் வாரிக் கொடுக்கத் துணிவார் என்று நினைக்கவில்லை.

அதனால் நீ வந்து இறங்கியதும் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டுக்கொள். சூட்கேஸைத் தூக்கிப் பார், உதட்டைப் பிதுக்கு, கம்பெனி டிக்கெட்டில் இவ்வளவு கொண்டுபோக விடமாட்டான் என்று சொல். என் ரூம் ஒரே ஈரம், வண்டி எல்லாம் துருப்பிடித்துப் போகும், அப்பாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதே, இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். பிறகு அவரோடு தரையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரி. இது எங்கே கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கேள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்த இருபது பேரும் உன்னைப் பார்க்க ஆவலாகக் காத்திருக்கிறார்கள், அயர்லாந்தில் இருந்தே எந்த வண்டியை வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற பெரிய கெட்டிக்காரன் என்று உன்னைப் பற்றி உங்கப்பா அளந்து வைத்திருக்கிறார். அங்கே போனால் வாயைத் திறக்காமல் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார், இரண்டு தரம் தலையை ஆட்டு, போதும், அவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இன்னொன்று, அங்கே கிடைக்கிற வண்டி ஒன்று, எதுவானாலும் சரி, வாங்கி வந்து என் எதிரில் அவர் கையில் கொடுத்து, அப்பா, இது எனக்கில்லை, உங்களுக்கு என்று சொல். அவர் பேரிலும் ஒன்றாவது இருக்கட்டும்.

எனக்கு எல்லாம் தெரியும், உங்கள் வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே ஒரு வார்த்தை சொன்னால் முடிந்ததே என்பாய். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் நீ போனில் சொன்னதாக ஒரு பேச்சும் கூடவே வரும். மாரி ஊரில் ஐஸ் விழுகிறதாம், இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்கிறானாம். மாரிக்கு ரசம் வைக்க வந்துவிட்டதாம். ஒருநாள் மஞ்சள் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "மாரி கேட்டான், அம்மைக்கு முட்டு வலி எப்படியிருக்குன்னு" என்றார். நீ பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மூன்று நிமிஷம் பேசுகிறாய், மீட்டிங் வந்துவிடுகிறது, குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. என் முட்டு வலியை நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தைலம் தேய்க்கிறேன், இப்போது தேவலை என்று சொல்லுங்கள் என்று பதில் சொல்லி அனுப்பினேன், அன்றைக்குப் பூராவும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் உங்கப்பாவுக்கு வண்டி மிஞ்சும், என் முட்டு வலியைக் கேட்கிற அந்தப் பையன் போய்விடுவான். அவனை எனக்கும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது யய்யா. இருபது நாளைக்கு நீ அவனாக வந்து இருந்துவிட்டுப் போ.

தலைக்கு எண்ணெய் வை, பிரட்டைத் தின்றே காலத்தை ஓட்டாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, பையில் வைத்து இங்கே கொண்டுவந்து உங்கப்பா கையில் மாட்டிவிடாதே. நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. உனக்கும், இங்கே தினமும் அப்பாவுக்குப் போன் பண்ணுகிற அந்த மாரிக்கும் என் ஆசீர்வாதம்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
வெ. செண்பகவல்லி