வீடு பார்க்கப் போகும்போது

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் எங்கே குடியேறுவது, கடலோரமா, மகள் வீட்டுப் பக்கமா என்று கேட்டிருந்தாய். போன வாரம் எனக்குச் சின்னக் காய்ச்சல். பயப்படாதே, போய்விட்டது. மூன்று நாள் அறையிலேயே படுத்திருந்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. திரும்ப வேலைக்குப் போனதும், கூட வேலை செய்யும் லிப்ட் மெக்கானிக், "என்ன, நேத்து லீவா?" என்றார். "ஆமா, நல்லாத் தூங்கினேன்" என்று சிரித்து வைத்தேன்.

எந்த ஊரானாலும் எனக்குச் சம்மதம். வீடு பார்க்கப் போனால் பக்கத்து வீட்டாரிடம் கொஞ்சம் பேசிப் பார். காலையில் நம் கதவு திறக்காவிட்டால் வந்து தட்டுகிற மனிதர்களா என்று மட்டும் தெரிந்துகொள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்