மூன்று நிமிடத்தில் ஏற்றிய உன் குரல்

என் செல்வி அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாச்சு. முதல் கடிதமே கோபத்தோடு எழுதுறேன், பொறுத்துக்கோ.

கண் தெரியாத எனக்காக அனுமந்தன்பட்டியில் உட்கார்ந்து பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு பண்ணி அனுப்பினாயே, அந்த முப்பது சிடியையும் ராயப்பன்பட்டியில் நாலு பேர் பரீட்சைக்குக் கேட்டாக. என்னை மாதிரியே பார்வை இல்லாதவர்கள். போனில் கேட்கிற மாதிரி மாற்ற, இங்கன தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தேன்.

"சிடிக்கு மூணு நிமிசம் போதும் மேடம்," என்றார் கடைக்காரர். சாயங்காலமே பென் டிரைவ் வந்துவிட்டது.

போட்டுக் கேட்டேன். அரசியல் சட்டப் பாடத்தில் "பிரிவு இருபத்தி" என்கிறாய். அப்புறம் டிக் டிக் என்று சத்தம். எண்ணைக் காணோம். படிக்கிறவர்கள் எதை எழுதுவாக?

மறுநாளே போனேன். "கேட்டுப் பாத்தீகளா?"

"இல்ல மேடம். ஸ்கிரீன்ல நூறு சதம்னு காட்டுச்சு."

"எனக்குக் காது மட்டுந்தான். உங்களுக்கு ரெண்டும் இருக்குல்ல?"

அங்கனயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேகமாகச் சுற்றவிட்டால் கீறல் உள்ள இடம் விட்டுப்போகுமாம். சரிபார்க்கச் சொன்னால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்குமாம். எம்பி3 ஆக்குவது நொடி வேலை, சிடியைப் படிக்கத்தான் நேரம். எல்லாம் தெரிந்தவர்தான். தெரிந்தும் செய்யாததுதான் எனக்குக் கோபம். சிடியைப் படிக்கிற, சூடேறிய பழைய டிரைவைக் கழற்றி வேறு மாட்டினார். நல்ல சிடிக்குப் பத்து நிமிடம், கீறல் சிடி ஒன்றுக்கு மதியம் முழுக்க. மூன்று நாள் ஆச்சு.

நீ மட்டும் என்ன? நடு ஓட்டையில் கயிறு கோத்து, ஒன்றோடொன்று உரச அனுப்பினது யார்?

கடைசி சிடியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது வந்தபோது எனக்கு வேலை கிடைத்திருந்தது, போட்டே பார்க்கவில்லை. வரிக்கு வரி இருமுகிறாய். பாதியில், "தண்ணி குடிச்சிட்டு வாரேன் தங்கம்." அதோடு சரி. மறுபடி விட்டுவிட்டாரென்று சண்டைக்குப் போனேன்.

"ரெண்டு தடவ சரிபார்த்தாச்சு மேடம். சிடியில அவ்வளவுதான் இருக்கு."

ஏன் இருமுறேன்னு போனில் கேட்டபோதெல்லாம் தூசி என்றாயே. எதற்கு மறைத்தாய்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் இல்லையா? அந்தச் சிடியை அன்றே போட்டுக் கேட்காத என்னை யார் திட்டுவது?

மீதிப் பாடம் இப்போ என்னிடம் பிரெய்லில் இருக்கு. விரலால் தடவி, நானே நிதானமாக வாசித்துப் பதிவு பண்ணுவேன். இருமல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவேன். இது சத்தியம்.

இன்னும் கோபம் ஆறாத உன் சித்தப்பா மகள்,
தங்கம்