கார்டின் இரண்டாம் பாதி

2 ஜூலை 2024, செவ்வாய்

ஹாரிஸின் எட்டு நாள் வேலையை இன்று ஒரே விசைத்தட்டில் அழித்தேன்.

எங்கள் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியின் ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரே சர்வர். அதற்குள் மென்பொருளால் ஆன இரண்டு மெய்நிகர் கணினிகள், எனக்கொன்று, ஹாரிஸுக்கொன்று. என்னுடையது சர்க்கியூட் பலகைகளின் படங்களைப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும். அதற்காக சர்வரின் கிராபிக்ஸ் கார்டை நேரடியாக அதன் கையிலேயே கொடுத்திருக்கிறேன். ஹாரிஸுடையதில் பலகைகளைச் சூடேற்றிப் பார்க்கும் சூட்டுச் சோதனை, பதினான்கு நாள் நிற்காமல் ஓட வேண்டும்; நடுவில் நின்றால் முதலிலிருந்து. என் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டால் கார்டு கண் திறக்காது. சர்வரையே ரீபூட் செய்தால்தான் விழிக்கும், அப்போது ஹாரிஸுடையதும் நின்றுவிடும். செய்தேன். அவனிடம் கேட்கவில்லை.

"பரவால்லக்கா, மறுபடி போடுறேன்லா" என்றான். அவன் கான்ட்ராக்ட் 31ஆம் தேதி முடிகிறது. அந்தச் சோதனை அறிக்கை இல்லாமல் நீட்டிக்க மாட்டார்கள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேனேஜர் சிவநேசன் அண்ணனிடம் "கார்டு பழுதுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

3 ஜூலை

நான் கீபோர்டைத் தொட்டாலே ஹாரிஸ் தலையை நிமிர்த்திப் பார்க்கிறான்.

பழுதான கார்டு ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் முதல் தடவை மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்?

5 ஜூலை, வெள்ளி

நேற்று ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பழக்க தோஷம், என் கணினியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கார்டு கண் திறக்கவில்லை. முந்நூறு பலகைகள் காத்திருக்கின்றன.

"டெஸ்ட்ட பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஹாரிஸ் ஜும்மாவுக்குப் போனான். ரீபூட் கட்டளையைத் தட்டியே விட்டேன். எண்டர் மட்டும்தான் பாக்கி. அடச்சே, என்ன மனுஷி நான்! கட்டளையை அழித்துவிட்டு, பலகைகளைக் கண்ணாலேயே பார்க்கப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

9 ஜூலை

கழுத்து வலி. ஆனால் ஒன்று புரிகிறது. அணைக்கும்போது இருந்த நிலையிலேயே கார்டு நின்றுவிடுகிறது. அடுத்த முறை தொடங்குமுன் சர்வர் அதை ரீசெட் செய்ய வேண்டும். ஏன் செய்வதில்லை?

சர்வர் தானே எழுதிவைக்கும் லாக்கில் ஒரு வரி கிடைத்தது: இதே கார்டின் இன்னொரு பகுதி வேறிடத்தில் பயன்பாட்டில் இருப்பதால் ரீசெட் இல்லை. இன்னொரு பகுதியா? எது?

10 ஜூலை

ஒலி! கார்டில் ஒரு பாதி படத்துக்கு, மறு பாதி ஒலிக்கு. படப் பாதி என் கணினியிடம், ஒலிப் பாதி சர்வரிடம். இரண்டும் ஒரே கையில் இல்லாவிட்டால் சர்வர் ரீசெட் செய்யாதாம், அடுத்தவர் வேலை கெட்டுவிடும் என்று. என்னைவிட அதற்கு நாகரிகம் தெரிகிறது.

யார் பிரித்தது என்று தேடினேன். ஜனவரியில் எழுதிய குறிப்பு: "ஆய்வுக்கூடத்தில் சத்தத்துக்குத் தடை. ஒலி நீக்கம். காமினி." நானேதான்.

சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரே மாட்டாத சர்வரில்!

11 ஜூலை

ஒலிப் பாதியையும் என் கணினியிடம் மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் மாற்றும்போது சர்வர் உறைந்துபோனாலும் போகலாம். இந்தத் தடவை ஹாரிஸிடம் கேட்டேன்.

"அப்ப வேணாங்கா. என்னது முடியட்டும்லா."

சரி.

13 ஜூலை

கை துறுதுறுக்கிறது. வீட்டில் இருப்பதே நல்லது.

16 ஜூலை, செவ்வாய்

மூன்று மணிக்குச் சோதனை முடிந்தது. ஹாரிஸ் அறிக்கையைப் பிரதி எடுத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, இரண்டு பாதிகளையும் என் கணினியிடம் கொடுத்தேன். சர்வர் உறையவில்லை. அணைத்தேன், போட்டேன். கார்டு விழித்தது. ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்து முறையும்!

சிவநேசன் அண்ணன் புதுக் கார்டுக்குக் கையெழுத்துப் போடவிருந்தார். "வேணாண்ணே. கார்டு நல்லாதான் இருக்கு. நான் பண்ண தப்பு" என்றேன். ஹாரிஸ் பக்கத்தில்தான் இருந்தான்.

"அப்ப அந்த எட்டு நாளு?"

"என்னாலதான், தம்பி."

எழுந்து டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் எனக்கும் ஒரு பொட்டலம் தே தாரிக் டீ இருந்தது.

1 ஆகஸ்ட், வியாழன்

ஹாரிஸ் தன் இடத்திலேயே இருக்கிறான். புதுச் சோதனை, முதல் நாள்.

பஸ்ஸுக்குக் கிளம்புமுன் என் கணினியை அணைத்தேன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.