அன்று உயராத கை

டீச்சர்,

இன்று காலை வட்டகொடையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், எதிர் இருக்கையில் இருந்த ஓர் அம்மா தைலப் போத்தலைத் திறந்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தார். வெளியே மழை. யன்னல்கள் எல்லாம் மூடியிருந்ததால் பெட்டி முழுக்க அந்த நெடி பரவியது. கையிலிருந்த தாளை மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்த நான் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். எதற்காக நிறுத்தினேன் என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, நான் உங்களுக்காகக் காத்திருக்கிறேன். எந்த இடம் சரியில்லை என்று நீங்கள் காட்டுவதற்காக.

உங்கள் வலது தோளில் எப்போதும் ஒரு வலி. கரும்பலகையில் வரைபடம் வரைந்து வரைந்து வந்தது என்பீர்கள். காலையில் தைலம் பூசாமல் நீங்கள் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. அதனால் நீங்கள் கை தூக்கும்போதெல்லாம் அந்த வாசனை முதலில் வந்து சேரும், கை பிறகுதான் கண்ணில் படும். நம் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரயில். உங்களுக்குப் புவியியல், எனக்கு விஞ்ஞானம். ஞாயிறு பத்திரிகைக்கு நான் எழுதும் விஞ்ஞானப் பத்தியை, அனுப்புவதற்கு முன் ஹட்டன் போய்ச் சேருவதற்குள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். விளங்காத இடத்தில் ஒரு கை உயரும். பேச்சு கிடையாது. நான் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே வாசிப்பேன். கொட்டகலை தாண்டிச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் வாசிக்க முடியாது அல்லவா, அந்த இருட்டில்தான் கோடு போட்ட இடங்களைப் பற்றிப் பேசுவோம்.

இந்த ஏற்பாட்டைச் செய்ததே நீங்கள்தான். "மரியாதைக்காக கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க நான் எதுக்கு டீச்சர்? விளங்கலன்னா ஒரு கை தூக்குவேன். பிழைன்னா ரெண்டு கையையும் தூக்குவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றீர்கள். நான் கோபித்துக்கொண்டதேயில்லை. ஒருமுறை பனிமூட்டத்தைப் பற்றி எழுதியபோது இரண்டு கையையும் உயர்த்தினீர்கள். பக்கத்தில் நின்ற ஆள் நீங்கள் செபம் பண்ணுகிறீர்கள் என்று நினைத்துக் கொஞ்சம் விலகி நின்றார். நாம் இருவரும் சுரங்கம் முடியும்வரை சிரித்தோம்.

மற்றவர்கள் சொல்வதெல்லாம் எனக்கு வந்துகொண்டேயிருந்தது. நம் பள்ளிக்கூட உப அதிபர், "இவ்வளவு லேசா எழுதினா உங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு நினைச்சிருவாங்க" என்று கவலைப்பட்டார். கினிகத்தேனையிலிருந்து ஒரு கடைக்காரர் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் அழைத்து, "கச்சான் கடலை சுத்தின தாள்ல வாசிச்சேன் மிஸ், பாதிதான் இருந்துச்சு, மிச்சத்தச் சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். இதையெல்லாம் உங்களிடம் வந்து ஒப்பித்தால், "அவங்க எல்லாம் எழுதி முடிச்ச பிறகு பேசுறவங்க. நான் அச்சுக்கு முந்தி பேசுறவ" என்பீர்கள். அதை நம்பினேன். பத்தியின் அடியில் உங்கள் பெயரையும் போடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "வேணாம், வேணாம், எனக்கு எதுக்கு அந்தப் புகழெல்லாம்" என்று நீங்கள்தான் தட்டிக்கழித்தீர்கள். இதை இப்போது சொல்லி வைக்கிறேன். பெயர் போடாததற்காகத்தான் நீங்கள் பின்னால் செய்ததைச் செய்தீர்கள் என்று யாராவது எனக்குச் சமாதானம் சொல்லக் கூடாது.

ஒரு மழைக்காலத்தில் நான் மண்சரிவைப் பற்றி எழுதினேன். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறவர்கள் எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினேன். சுவர் வெடிப்பு, கதவு இறுகிப்போவது, மேட்டில் மரம் சாய்வது. கடைசியில், வெளியேறியவர்கள் எப்போது திரும்பலாம் என்று சில வரிகள். 'மழை விட்டு, லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் வற்றிய பிறகு வீடு திரும்பலாம்' என்று எழுதியிருந்தேன். லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் அந்த வாக்கியம் வரும். மலைச்சரிவை வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடும் அந்தக் கான்தான் எங்களுக்கு மழையின் கணக்கு. அது இரைந்துகொண்டிருக்கும்வரை அம்மா எங்களை வாசல் தாண்ட விடமாட்டார். இரைச்சல் அடங்கினால் நாங்கள் வெளியே. புத்தகத்தில் எங்கும் இல்லாத ஒன்றை நான் வளர்ந்த லயத்துக் காம்பராவிலிருந்து எடுத்து எழுதிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த இடத்தை வாசித்தபோது நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல், யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். தைல வாசனை வரவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

"சரியா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. ஒரு சொல்லும் மாத்த வேணாம். அப்படியே அனுப்புங்க."

சுரங்கம் வந்தது. தாளில் கோடு போட்ட இடம் ஒன்றும் இல்லை. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பற்றி நீங்கள்தான் பேச்சை எடுத்தீர்கள்.

பத்தி அச்சாகிக் கொஞ்ச நாளில் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. தலவாக்கலையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிற ஆள். வட்டகொடைப் பக்கத்து லயம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், நாங்க எல்லாம் லயத்த விட்டு வந்து கொழுந்து நிறுக்குற மடுவத்துலதான் இருந்தோம். மழ விட்டுருச்சு. போய்ப் பாத்தா கான் காஞ்சி கெடக்கு. டீச்சர் எழுதியிருக்காங்கன்னு நான்தான் வீட்டாள்கிட்ட பேப்பரக் காட்டி, வா போவோம்னு கூட்டிட்டு வந்தேன். விடியிறதுக்குள்ள பின் சுவரு உள்ளுக்கு வந்துருச்சு. பிள்ளைய இழுத்துட்டேன். அவ கால இழுக்க முடியல."

கால் நொறுங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. அவர் கடைசியில் கேட்டது இதுதான்: "அது பிழையா டீச்சர், இல்ல நாங்கதான் சரியா வாசிக்கலையா?"

பிழைதான். மலை உள்ளே பிளந்துகொண்டால் தண்ணீர் கானுக்கு வராது, அந்தப் பிளவுக்குள் இறங்கும். ஓடிக்கொண்டிருந்த கான் திடீரென்று வற்றினால் அது ஓடச் சொல்லும் அறிகுறி. நான் அதை வீட்டுக்கு வரச் சொல்லும் அறிகுறியாக எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறே திருத்தம் எழுதினேன், முதல் வரியிலேயே பிழை என்னுடையது என்று. முகநூலில் ஒருவர், விஞ்ஞானம் என்று சொல்லி ஆளைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று எழுதினார். ஆசிரியர் அறையில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசாமல் பக்குவமாகத் தேநீர் குடித்தார்கள். நீங்கள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினீர்கள். "விடுங்க டீச்சர். நம்ம ரெண்டு பேருமே கவனிக்கலையே. நீங்க மட்டுமா?" என்றீர்கள். அந்த 'ரெண்டு பேருமே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதம் முழுவதும் நான் வகுப்புக்குப் போனேன்.

பிறகு ஒரு கூட்டம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்சரிவு பற்றி ஒரு கைந்நூல். தமிழில் எழுத ஒருவர் வேண்டும். வந்திருந்த அதிகாரி என் பெயரைத்தான் முதலில் சொன்னார், கூடவே, "ஆனா அந்தப் பத்தியில ஏதோ பிழை வந்ததாமே" என்று இழுத்தார். நான் எழுந்து பதில் சொல்வதற்குள் எனக்குப் பின்னாலிருந்து தைல வாசனை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். உங்கள் கை உயர்ந்திருந்தது.

எழுந்து நின்று, நல்ல தெளிவான குரலில் சொன்னீர்கள். ராகலையில் நீங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது உங்கள் லயத்துக்குப் பின்னால் கான் திடீரென்று வற்றியதையும், உங்கள் அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் உங்களை இழுத்துக்கொண்டு ஓடியதையும், பின்னாலேயே மண் இறங்கியதையும். அத்தனை வருடம் ஒரே இருக்கையில் வந்திருக்கிறோம். அந்தக் கதையை அன்றுதான், ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த மண்டபத்தில், நான் கேட்டேன். கேட்டுக் கலங்கக்கூடச் செய்தேன். அப்போதுதான் நீங்கள் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னீர்கள்.

"டீச்சர் எனக்கு வாசிச்சுக் காட்டும்போதே நான் அதக் கவனிச்சேன் சேர். அச்சுக்குப் போக முந்தியே."

அதிகாரி உங்களைப் பார்த்துத் தலையாட்டினார். 'அப்ப ஏன் சொல்லல்ல' என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கைந்நூல் உங்களிடம் போனது. அதற்கு நம் இருவரில் ஒருவரைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்பது உங்களுக்கு அந்தப் பத்தியை நான் வாசிப்பதற்கு முந்திய வாரமே தெரியும் என்று, நம் உப அதிபர் பிறகொரு நாள் சாதாரணமாகச் சொன்னார். எனக்கும் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் காலை ரயிலில் கேட்டேன். மனதுக்குள் நிறைய சண்டை போட்டுப் பார்த்திருந்தேன், ஆனால் வாயில் வந்தது ஒரே கேள்விதான். "அன்னைக்கு ஏன் நீங்க கை தூக்கல?"

நீங்கள் தோளைத் தடவிக்கொண்டீர்கள்.

"அன்னைக்குக் கை வலி, டீச்சர்."

இதுதான் நீங்கள் எனக்குத் தந்த பதில். பொறாமை என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். கைந்நூல் வேண்டும் என்று கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன், உங்களுக்கு அது தெரியும். ஒரு சொல் போதுமாக இருந்தது டீச்சர். அந்தச் சொல் வந்திருந்தால் என்னுடைய மானம் அல்ல, ஒரு பெண்ணின் கால் தப்பியிருக்கும். நீங்கள் என்னை விழவைக்க நினைத்தீர்கள். இடையில் ஒரு லயம் இருந்ததை மறந்துவிட்டீர்கள், அதுவும் ராகலை லயத்திலிருந்து ஓடித் தப்பிய நீங்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் அடுத்த பெட்டியில் ஏறினீர்கள். ஸ்டேஷனில் கண்டால் நாம் பண்பாகச் சிரித்துக்கொண்டோம். உங்கள் கைந்நூல் வந்தது. நல்ல கைந்நூல். எரிச்சலோடு இதை எழுதுகிறேன், அதில் நான் கை தூக்க ஓர் இடமும் இல்லை. பிள்ளைகளுக்கு இன்றும் அதைத்தான் நான் கற்பிக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பார்க்க அவர்கள் லயத்துக்குப் போனேன். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு எழுந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவள் கணவர், இப்போதும் ஞாயிறு தவறாமல் என் பத்தியை வாசிப்பதாகச் சொன்னார். "ஆனா இப்ப வாசிச்சிட்டு மலையையும் ஒரு தடவ போய்ப் பாத்துக்குவோம் டீச்சர்" என்றார். எனக்கு வந்த விமர்சனங்களில் இதைவிடச் சரியானது வேறில்லை. அந்த வீட்டுக்கு நீங்களும் ஒருநாள் போவீர்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

பிறகு காய்ச்சல் என்று படுத்த நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. செய்தி கேட்டு வந்தேன். சவப்பெட்டியில் உங்கள் இரண்டு கையையும் மார்பில் சேர்த்து, செபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். யாரோ தைலம்கூடப் பூசியிருந்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. எல்லோரும் என்னைத்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள், உங்களுக்கு மிக நெருங்கியவள் நான்தான் என்று. அழுதேன். அழுகை உண்மை. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நின்றது பெரிய வேதனை டீச்சர்.

இன்று ரயிலில் நான் வாசித்துக்கொண்டிருந்தது பத்தி அல்ல. பள்ளிக்கூட மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அதிபர் கேட்டிருந்தார். "உங்கள விட்டா யாரு எழுதுவா?" என்றார். எழுதியிருந்தேன். உங்கள் வரைபடங்கள், உங்கள் சிரிப்பு, பிள்ளைகள் உங்களுக்குப் பயந்தது, எல்லாம். பழைய பழக்கத்தில் வாயசைத்து வாசித்துக்கொண்டு வந்தேன். 'என் எழுத்தின் நேர்மையான முதல் வாசகி' என்ற இடத்தில்தான் அந்தத் தைல வாசனை வந்து என்னை நிறுத்தியது.

எதிரே இருந்த அம்மா போத்தலை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். நான் இன்னமும் நிறுத்தித்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு பத்தியிலும், எவருடைய உயிராவது தொங்குகிற ஒவ்வொரு வாக்கியத்திலும், ஒரு கைக்காக நின்று பார்க்கிறேன். வரவில்லை என்றால் சரி என்று இனி எடுத்துக்கொள்வதில்லை. திரும்பப் போய்த் தேடுகிறேன், இருக்கிற ஆட்களிடம் கேட்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்த நிறுத்தமும் இந்தச் சந்தேகமும். இரண்டையும் தந்தது ஒரே ஆள்.

சுரங்கத்துக்கு முன்பாக, அந்த வெளிச்சம் போவதற்குள், ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டேன். மலரில் 'என் எழுத்தின் முதல் வாசகி' என்றுதான் வரும். இப்போது அந்த வாக்கியத்தில் பொய் இல்லை, டீச்சர். வெட்டாமல் விட்டிருந்தாலும் நீங்கள் கை தூக்கியிருக்க மாட்டீர்கள்.